அகாதிர் நகரம் கற்பித்த பாடம்



பூகம்பத்தின் அளவு பெரியதானால் நாசமும் பெரிது, அளவு சிறியதானால் நாசமும் சிறிது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். அது சரியன்று என்பதற்கு மொரோக்கோ தேசத்து அகாதிர் நகரம் சாட்சி.

அகாதிர், அட்லாண்டிக் சமுத்திரக் கரையிலுள்ள துறைமுகப் பட்டணம். மத்தி மீன் பிடிப்பதும், அதை டின்னிலடைத்து ஏற்றுமதி செய்வதும் அவ்வூரின் முக்கியத் தொழில்கள். 1960-ம் ஆண்டு பிப்ரவரி 29-ம் தேதி, ரமலான் பிறந்து சில நாட்களே ஆன ஓர் இரவு. மணி 11.40. சுமார் பதினைந்து விநாடி பூமி குலுங்கிற்று. குன்றின் மேலிருந்த பழைய கஸ்பா கோட்டையும், அதன் கீழிருந்த பழைய குடியிருப்புகளும் மண்மேடாயின. மாண்டவர் 12,000 முதல் 15,000 பேர் என்று கணக்கிடுகின்றனர். ஏறக்குறைய ஊரில் மூவரில் ஒருவர்!

அந்தப் பூகம்பத்தின் அளவோ 5.8 தான். அதே ஆண்டு மே 22-ம் தேதி தென்னமெரிக்காவின் சிலி தேசத்தில் நேர்ந்தது 9.5. கருவிகள் அளந்தவற்றில் அதைவிடப் பெரியது இல்லை. அளவில் ஓர் எண் கூடினால் வெளிப்படும் சக்தி சுமார் 32 மடங்கு கூடும். அப்படியானால் சிலியில் வெளிப்பட்ட சக்தி லட்சக்கணக்கான மடங்கு அதிகம். இருந்தும் அங்கே மாண்டவர் அகாதிரைவிட மிகக் குறைவு.

காரணம் என்ன?

முதலாவது, அகாதிரில் அதிர்ச்சி பிறந்த இடம் ஊருக்கு நேர் கீழே, ஆழமில்லாத இடத்தில்.

இரண்டாவது, நேரம். ஜனங்கள் இரவில் வீடுகளுக்குள் இருந்தனர். சிலியில் அது பிற்பகல். முன்னதாக வந்த அதிர்ச்சிகளுக்கு அஞ்சிப் பலர் வெளியே வந்திருந்தனர்.

மூன்றாவது, கட்டடம். அகாதிரில் கல்லும் மண்ணும் பலமற்ற சாந்தும் கொண்டு எழுப்பிய வீடுகள் மிகுதி. அரிசி மூட்டைகளை ஒன்றோடொன்று பிணையாமல் நேராக அடுக்கினால் லாரி குலுங்கும்போது சரியும். மாற்றி மாற்றிப் பிணைத்து அடுக்கினால் நிற்கும். சுவருக்கும் கூரைக்கும் நியாயம் இதுவே.

மன்னர் ஐந்தாம் முகம்மது நகரை மீண்டும் கட்ட உத்தரவிட்டார். பழைய இடத்துக்குத் தெற்கே சில கிலோமீட்டர் தள்ளிப் புதிய அகாதிர் எழுந்தது. அதிர்ச்சியைத் தாங்கும்படி கட்டுவதற்கான விதிகளும் வகுக்கப்பட்டன.

ஆயினும் பட்டணம் கற்ற பாடம் மலைக் கிராமங்களை எட்டவில்லை. 2023-ம் ஆண்டு செப்டம்பர் 8-ம் தேதி இரவு, அதே மொரோக்கோவின் அட்லஸ் மலைப் பகுதியில் 6.8 அளவில் பூகம்பம் நேர்ந்தது. மண்ணும் கல்லும் கொண்ட வீடுகள் சரிந்தன. பாறைகள் உருண்டு பாதைகளை அடைத்ததால் உதவி போய்ச் சேரத் தாமதமாயிற்று. 2,900 பேருக்கு மேல் மாண்டனர்.

பூமி எப்போது அசையும் என்று நாளும் மணியும் குறித்துச் சொல்ல எவராலும் முடியாது. சுவரை எப்படிக் கட்டுவது என்பதோ மனிதன் கையில் இருக்கிறது. ஆகவே கடையோ வீடோ கட்டுவோர் சாயத்தையும் முகப்பையும் பார்ப்பதற்கு முன், உள்ளே போகும் கம்பியையும் சிமெண்டையும் பார்ப்பார்களாக. அங்கே மிச்சம் பிடிக்கும் காசு லாபமாகாது.