பிள்ளையின் தட்டைப்பாதமும் உடல் நிறையும்

“என்ர பிள்ளைக்கு உள்ளங்காலில குழியே இல்லை. பாதம் முழுக்க நிலத்தில படுது. இது ஏதும் குறைபாடோ?” நிறை பார்க்கும் நாட்களில் தாய்மார் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. முகாமில் சரியான சாப்பாடு கிடைக்காததால் வந்த குறை என்று நினைத்து வருந்துபவர்களும் உண்டு. அப்படி வருந்தத் தேவையில்லை. இரண்டு, மூன்று வயதில் பாதம் தட்டையாகத் தெரிவது வழமையானது.

குழந்தையின் உள்ளங்கால் நடுவில் மெத்தை போலக் கொழுப்பு இருக்கும். பாத எலும்புகள் முழுதாக முற்றியிருக்காது. அவற்றைப் பிணைக்கும் நார்களும் இளக்கமாக இருக்கும். ஆகவே பிள்ளை எழுந்து நின்றதும் வளைவு அமுங்கிவிடும். வளர வளர நார்கள் இறுகி, கொழுப்புக் குறைந்து, வளைவு தெரியத் தொடங்கும். ஒஸ்ரியா நாட்டில் 3 முதல் 6 வயது வரையான 835 பிள்ளைகளைப் பரிசோதித்து 2006இல் வெளியிட்ட ஆய்வில், மூன்று வயதினரில் 54 வீதமானோருக்குத் தட்டைப்பாதம் இருந்தது. ஆறு வயதினரில் அது 24 வீதம் மட்டுமே. சிலருக்கு வளைவு தெரியப் பத்து வயதுவரை செல்லலாம்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். மரத்தில் மாங்காய் பறிப்பதுபோல் கைகளை உயர்த்தி, நுனிக்காலில் நிற்கும்படி பிள்ளையிடம் சொல்லுங்கள். பின்னால் இருந்து பாருங்கள். அப்போது உள்ளங்காலில் வளைவு தெரிந்தால், நோவும் இல்லையென்றால், பொறுத்திருப்பதே போதும்.

நிறைக்கும் இதற்கும் தொடர்பு உண்டா? உண்டு. அதே ஆய்வில், வயதுக்கும் உயரத்துக்கும் மிஞ்சிய நிறையுள்ள பிள்ளைகளிடம் தட்டைப்பாதம் கூடுதலாகக் காணப்பட்டது. ஆனால் இதை வைத்துப் பிள்ளையின் சாப்பாட்டைக் குறைத்துவிடாதீர்கள். இடம்பெயர்ந்து திரும்பிய பிள்ளைகளில் பலருக்கு நிறை கூடவேண்டுமே தவிரக் குறையக்கூடாது. பாதம் தட்டையாகத் தெரிவதால் பிள்ளை கொழுத்துவிட்டது என்று அர்த்தமில்லை. மெலிந்த பிள்ளைக்கும் அப்படித்தான் இருக்கும். நிறை சரியா என்பதைப் பாதம் சொல்லாது, வளர்ச்சிப் பதிவேட்டிலுள்ள கோடுதான் சொல்லும். திரிபோஷா கிடைத்தால் அதை அந்தப் பிள்ளைக்கே கொடுங்கள். நிறை உண்மையிலேயே மிஞ்சியிருந்தால் பிஸ்கட், இனிப்புப் பானங்களைக் குறைத்து, ஓடி விளையாட விடுங்கள்.

வளைவு வரச் செய்யும் விசேட சப்பாத்து என்று யாராவது விற்க வந்தால் வாங்க வேண்டாம். அமெரிக்காவில் ஒன்று முதல் ஆறு வயதுவரையான பிள்ளைகளுக்கு மூன்று வருடம் அத்தகைய சப்பாத்துகளை அணிவித்துப் பார்த்தார்கள். சாதாரண சப்பாத்து அணிந்தவர்களைவிட வளைவு கூடுதலாக வரவில்லை. கூரைக்கும் விதைநெல்லுக்கும் காசு தேடும் நேரத்தில் இது வீண்செலவு. சொல்லப்போனால், வெறுங்காலே சிறுபாதத்துக்கு நல்லது. இந்தியாவில் 2,300 பிள்ளைகளிடம் நடத்தி 1992இல் வெளியான ஆய்வில், பாதணி அணிபவர்களில் 8.6 வீதமானோருக்கும் அணியாதவர்களில் 2.8 வீதமானோருக்கும் தட்டைப்பாதம் இருந்தது.

ஆனாலும் மீள்குடியேறிய ஊரில் வெறுங்காலுக்கு எல்லை வேண்டும். கூட்டித் துப்புரவாக்கிய முற்றத்திலும் வீட்டுக்குள்ளும் வெறுங்காலுடன் விளையாடட்டும். இடிந்த வீடுகளின் ஆணி, தகரம், கண்ணாடி கிடக்கும் இடத்திலும் மலசலகூடத்துக்குப் போகும்போதும் செருப்பு அவசியம். ஈரமண்ணிலுள்ள கொக்கிப்புழு பாதத்தோலால் உள்ளே நுழைந்து இரத்தச்சோகையை உண்டாக்கும். மிதிவெடி அகற்றப்படாத காணிக்குள் செருப்புப் போட்டும் போகக்கூடாது. மண்டையோட்டுப் பலகையைப் பிள்ளைக்குக் காட்டிப் பழக்குங்கள்.

பாதம் நோகிறது என்று பிள்ளை அழுதால், நொண்டினால், ஒரு பாதம் மட்டும் தட்டையாக இருந்தால், நுனிக்காலில் நின்றும் வளைவு தெரியாமல் பாதம் விறைப்பாக இருந்தால், பதினெட்டு மாதமாகியும் நடக்காவிட்டால், குடும்ப நல உத்தியோகத்தரிடம் காட்டுங்கள். போகும்போது வளர்ச்சிப் பதிவேட்டையும் கொண்டுபோங்கள். இடப்பெயர்வில் அது தொலைந்திருந்தால் கூச்சப்படாமல் சொல்லிப் புதியதொன்று கேளுங்கள்.