பழைய பிக்அப் வண்டியின் ஊளை ஓசை: காரணம் காண்பது எப்படி?

தோட்டத்தில் பிக்அப் வண்டி பல பணிகளுக்கும் உதவுகிறது. பால் ஏற்றவும், உரமூட்டை சுமக்கவும், இரவு நேரத்தில் நோயாளியை மருத்துவமனையில் சேர்க்கவும் அதுவே துணை. பழைய வண்டி ஒன்றைச் சொந்தமாக வாங்கிச் சிறு வணிகம் நடத்தும் தொழிலாளர்களும் உளர். இத்தகைய வண்டிகளில் வயது ஏற ஏற ‘ஊங்’ என்னும் நீண்ட ஊளை ஓசை எழுவதுண்டு. சிலர் அதற்குச் செவியைப் பழக்கிக் கொண்டு ஓட்டுகின்றனர். வேறு சிலர் பட்டறைக்குச் சென்று, ஐயத்தின் பேரில் ஒவ்வோர் உறுப்பாக மாற்றி, அரும்பாடுபட்டு ஈட்டிய பணத்தை இழக்கின்றனர். இவ்விரண்டும் நன்றல்ல.

ஓசை எதனைப் பின்தொடர்கிறது என்று அறிந்தால், அது பிறக்கும் இடம் பெரும்பாலும் தெரிந்துவிடும். எஞ்சினின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓசை வண்டியின் முன்பகுதியைச் சேர்ந்தது. சக்கரத்தின் வேகத்தோடு ஏறி இறங்கும் ஓசை அச்சு, பேரிங், டயர் ஆகியவற்றைச் சேர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது கியர் பெட்டி. எஞ்சின் முன்னும், இழுக்கும் சக்கரம் பின்னும் அமைந்த கை கியர் வண்டியை மனத்திற்கொண்டு நாம் இதனை ஆராய்வோம்.

முதற் சோதனை: நின்ற நிலையில்

வண்டியைச் சமதளத்தில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்து, கியரை நியூட்ரலில் வைத்து, எஞ்சினை ஓடவிட வேண்டும். ஆக்சிலேட்டரை மெல்ல அழுத்தும்போது ஓசையும் உயர்ந்தால், பெல்ட்டையும் அது சுழற்றும் உறுப்புகளையும் முதலில் கவனிக்க வேண்டும். தண்ணீர்ப் பம்பு, ஆல்டர்னேட்டர், பவர் ஸ்டியரிங் பம்பு ஆகியன அவ்வுறுப்புகள்.

எஞ்சினை நிறுத்திவிட்டுப் பெல்ட்டின் நடுப்பகுதியைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்க்கலாம். ஏறத்தாழ 1 சென்டிமீட்டர் அளவு அமுங்குவது பல பழைய வண்டிகளுக்குப் பொருந்தும். மிகத் தளர்ந்த பெல்ட் கீச்சிடும்; மிக இறுகிய பெல்ட் பேரிங்குகளைக் கெடுத்து ஊளையை உண்டாக்கும். ஸ்டியரிங்கை ஒரு பக்கமாக முழுவதும் திருப்பும்போது ஓசை மிகுந்தால், பவர் ஸ்டியரிங் எண்ணெய் குறைந்திருக்கலாம். எண்ணெயில் நுரை காணப்பட்டால் உள்ளே காற்றுப் புகுந்துள்ளது என்பது பொருள். ஸ்டியரிங்கை அந்நிலையில் 5 விநாடிக்கு மேல் பிடித்திருத்தல் ஆகாது. பம்பு சூடேறிக் கெடும்.

நீண்ட ஸ்க்ரூ டிரைவரின் முனையை ஒவ்வோர் உறுப்பின் அசையாத மேற்பகுதியில் வைத்து, கைப்பிடியைக் காதருகே கொண்டு சென்றால், எந்தப் பேரிங் இரைகிறது என்பது தெளிவாகக் கேட்கும். இவ்வேளையில் கைலியோ தளர்ந்த சட்டையோ அணிந்து விசிறியின் அருகே குனிதல் பேராபத்தாகும்.

இரண்டாம் சோதனை: கிளட்சும் கியரும்

வண்டி நின்ற நிலையில், நியூட்ரலில் ஓசை கேட்டு, கிளட்ச் மிதியை அழுத்தியவுடன் அது மறைந்தால், கியர் பெட்டியின் உட்புகும் தண்டில் உள்ள பேரிங் தேய்ந்திருக்கலாம். மாறாக, மிதியை அழுத்தும்போது மட்டும் ஓசை எழுந்தால், குறை கிளட்ச் பேரிங்கில் உள்ளது எனக் கொள்ளலாம்.

ஓடும்போது ஒவ்வொரு கியரிலும் ஓசையைக் கேட்டுப் பார்க்க வேண்டும். பல பழைய வண்டிகளில் நான்காம் கியரில் விசை நேராகச் செல்வதால், உள்ளிருக்கும் துணைத்தண்டின் மீது சுமை இராது. மற்றக் கியர்களில் ஊளையிட்டு நான்காம் கியரில் மட்டும் அடங்கினால், குறை கியர் பெட்டியில்தான் உள்ளது.

மூன்றாம் சோதனை: சாலையில்

போக்குவரத்தற்ற, சமமான, நேரான சாலையில் மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல வேண்டும். ஒருவர் ஓட்ட, மற்றொருவர் அருகில் அமர்ந்து செவிமடுத்தல் நலம். ஒலி கேட்பதற்காகச் சரக்குப் பகுதியில் எவரையும் ஏற்றுதல் கூடாது.

ஆக்சிலேட்டரை அழுத்தும்போது ஊளையிட்டு, காலை எடுத்தவுடன் ஓசை அடங்கினாலோ சுருதி மாறினாலோ, பின் அச்சின் நடுவே உருண்டையாகத் தெரியும் டிஃபரன்ஷியலை ஐயுற வேண்டும். ஆக்சிலேட்டரைப் பொருட்படுத்தாமல் ஒரே சீராக ஓசை வந்தால், டயரோ சக்கரப் பேரிங்கோ காரணமாகலாம். தார்ச்சாலையில் கேட்ட ஓசை செம்மண் பாதையில் மாறிவிட்டால், டயரின் பற்களே பெரும்பாலும் காரணம். இடப்புறம் வளையும்போது ஓசை மிகுந்தால், சுமை சாய்கின்ற வலப்புறச் சக்கரத்தின் பேரிங்கைப் பார்க்க வேண்டும். வலப்புறம் வளையும்போது மிகுந்தால் இடப்புறத்தைப் பார்க்க வேண்டும்.

நீரும் எண்ணெயும்

தோட்டத்து வண்டிகளுக்கு நேரும் குறை ஒன்றுண்டு. நெடுநேரம் ஓடிச் சூடான டிஃபரன்ஷியல் திடீரென ஓடை நீரில் இறங்கினால், உள்ளிருக்கும் காற்று குளிர்ந்து சுருங்கும். அப்போது காற்றுக்குழாய் வழியாகவும் தேய்ந்த சீல் வழியாகவும் நீர் உள்ளே இழுக்கப்படும். நீர் கலந்த எண்ணெய் பால் விட்ட காப்பியின் நிறத்தை அடையும், பேரிங் துருப்பிடிக்கும், பின்னர் ஊளை தொடங்கும். ஆகவே, வெள்ளத்தைக் கடந்த வண்டியின் எண்ணெயைச் சோதித்தல் இன்றியமையாதது.

டிஃபரன்ஷியல் எண்ணெயைப் பார்க்கும்போது ஊற்றும் துளையின் மூடியையே முதலில் கழற்ற வேண்டும். அது கழலாத நிலையில் கீழ் மூடியைத் திறந்து எண்ணெயை வடித்துவிட்டால், மீண்டும் நிரப்ப வழியிராது. பெரும்பாலான வண்டிகளில் எண்ணெய் ஊற்றும் துளையின் கீழ்விளிம்பு வரை நிற்க வேண்டும். கீழ் மூடியில் நுண்ணிய கரும்பொடி சிறிது ஒட்டியிருப்பது இயல்பு. இரும்புத் துண்டுகள் கிடைப்பின் பற்கள் உடைகின்றன என்பதற்கு அது சான்று.

எது அவசரம்?

டயரின் ஓசை பொறுக்கத் தக்கது. எண்ணெய் குறைவால் எழும் ஊளையை உடனே எண்ணெய் நிரப்பியும், கசிவை அடைத்தும் தணிக்கலாம். காலம் தாழ்த்தினால் பற்சக்கரங்களை இணையாகவே மாற்ற நேரிடும். ஆயின் சக்கரப் பேரிங்கின் இரைச்சல் ஒருநாளும் பொறுக்கத் தக்கதன்று. அது இறுகினால் சக்கரம் சிக்கிக்கொள்ளும்; சில வேளைகளில் கழன்றும் போகும். பால் டாங்கியின் சுமையோடு மேட்டிலிருந்து இறங்கும் வண்டிக்கு இது நேருமாயின் விளைவைக் கூற வேண்டுவதில்லை.

பேரிங்கைச் சோதிக்க, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஐயத்துக்குரிய சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, உறுதியான தாங்கியின் மீது நிறுத்த வேண்டும். சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டும்போது தளர்ச்சி தென்பட்டாலோ, கையால் சுழற்றும்போது கரகரப்பு உணரப்பட்டாலோ, அதைச் சரிசெய்யும்வரை வண்டியை ஓட்டலாகாது. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுதல் அறவே கூடாது.

இச்சோதனைகளுக்கு விலையுயர்ந்த கருவிகள் தேவையில்லை. பொறுமையும் செவியும் போதும். கண்டறிந்ததைத் தாளில் குறித்துக் கொண்டு பட்டறைக்குச் செல்வோமாக. ‘சத்தம் கேட்கிறது’ என்று மட்டும் கூறுவோர் ஐயத்துக்கெல்லாம் பணம் செலுத்த நேரிடும். ‘50 கிலோமீட்டர் வேகத்தில், வலப்புறம் வளையும்போது மிகுதியாகக் கேட்கிறது’ என்று கூறுவோர் தேவையான பழுதுக்கு மட்டும் பணம் செலுத்துவர். தம்மோடு பயணம் செய்வோரின் உயிரையும் காப்பர்.