கூட்டம் பிரிந்த பெட்டி: காத்திருப்பதா, கைவைப்பதா?

கூட்டம் பிரிந்த மூன்றாவது வாரத்தில்தான் தேனீப் பெட்டி வைத்திருப்பவருக்குத் தூக்கம் போகும். அதுவரை வெறுங்கையோடு திறந்து பார்த்த அதே பெட்டி, இப்போது பத்தடி தள்ளி நிற்கும்போதே முகத்துக்கு நேரே ஆள் அனுப்புகிறது. மூடியைத் தூக்கினால் அடங்காத இரைச்சல். சட்டத்தை எடுத்தால் முட்டையும் இல்லை, புழுவும் இல்லை, ராணியும் கண்ணில் படவில்லை. "ராணி செத்துப்போச்சு, வேற ஒண்ணு வாங்கி விடு" என்பார் பக்கத்துத் தோட்டத்துக்காரர். "தூக்கி ஆத்துல போடு" என்பார்கள் வீட்டில்.

இரண்டையும் செய்வதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். குமரி மாவட்டத்தின் மேற்கே, மார்த்தாண்டம், அருமனைப் பக்கத்து ரப்பர் தோட்டங்களில் அடுக்குத் தேனீ வளர்ப்பவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வேறு ஊர்க்காரர்கள் மாதத்தை மாற்றிக்கொள்ளலாம். இத்தாலியத் தேனீ வைத்திருப்பவர்கள் நாள் கணக்கையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

முதலில் கோபத்தைப் பற்றி. கொட்டுகிற பெட்டியெல்லாம் ராணி இல்லாத பெட்டி அல்ல. மழை மூட்டம், எறும்புத் தொல்லை, வாசலில் குளவி, பக்கத்துப் பெட்டித் தேனீ புகுந்து தேன் திருடுவது என எதுவும் தேனீயை முறைக்க வைக்கும். கூட்டம் பிரிந்த பிறகு புழுக்கள் குறைந்துவிடுவதால், உள்ளே ஊட்டி வளர்க்கும் வேலையும் குறைகிறது. வயதான தேனீக்கள் வாசலில் கூடுகின்றன. கொட்டுவது பெரும்பாலும் இந்த வயதானவைதான். ஒன்று கொட்டினால் அதன் கொடுக்கிலிருந்து கிளம்பும் வாசனை மற்றவற்றையும் கூப்பிடும். பழுத்த வாழைப்பழ வாசனைக்குக் காரணமான அதே பொருள் அதிலும் இருக்கிறது. வாழைப்பழம் தின்ற கையோடு பெட்டியைத் திறக்காதீர்கள் என்று பழைய ஆட்கள் சொல்வது வெறும் நம்பிக்கை இல்லை.

ராணி இல்லாத பெட்டியின் ஒலி வேறு மாதிரி இருக்கும். பெட்டியின் பக்கவாட்டில் விரலால் தட்டினால் அடுக்குத் தேனீ 'உஸ்' என்று ஒரே மூச்சில் சீறி அடங்கும். ராணி போன பெட்டி அடங்காமல் முனகிக்கொண்டே போகும். இது ஒரு குறிப்புதான், சாட்சி ஆகாது. இன்னும் புணர்ச்சிக்குப் பறக்காத கன்னி ராணி உள்ளே இருக்கும்போதும் சில பெட்டிகள் அப்படியே முனகுவதைக் கேட்டிருக்கிறேன்.

நம்பத் தகுந்தது நாள் கணக்கு. பழைய ராணி பாதிக் கூட்டத்தை இழுத்துக்கொண்டு கிளம்புவது, புது ராணி அறைகளுக்கு மெழுகு மூடி விழும் சமயத்தில். அங்கிருந்து ஏழெட்டு நாளில் புது ராணி வெளியே வரும். உடல் தேற ஐந்தாறு நாள். பிறகு வெயில் அடிக்கும் பிற்பகலில் பறந்து, ஆண் தேனீக்களோடு கூடித் திரும்பும். அதற்கு இரண்டு மூன்று நாள் கழித்து முதல் முட்டை. ஆக, பறக்க நல்ல வெயிலுக்குக் காத்திருக்கும் நாளையும் சேர்த்தால் 16 முதல் 20 நாள். நடுவில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்டால் 25 நாள்கூட ஆகும். இன்னொரு பக்கம், பழைய ராணி கடைசியாக இட்ட முட்டையும் 20 நாளில் பணித்தேனீயாகி வெளியே வந்துவிடும். அதாவது மூன்றாவது வாரக் கடைசியில், எல்லாம் சரியாக நடக்கிற பெட்டியும் வெறிச்சென்றுதான் இருக்கும். அந்த வாரத்தில்தான் நாம் திறந்து பார்த்துப் பதறுகிறோம்.

எனக்கும் நடந்தது. முதல் வருடம், 18ஆம் நாள், பொறுக்க முடியாமல் முட்டையிடும் ராணி ஒன்றை விலைக்கு வாங்கி விட்டேன். மறுநாள் காலை அது வாசலில் செத்துக் கிடந்தது. ஐந்து நாள் கழித்து அதே பெட்டியில் அறைக்கு ஒன்றாக அழகான முட்டைகள். உள்ளே ஏற்கெனவே இளவரசி இருந்திருக்கிறாள். பக்கத்து வீட்டுப் பாட்டா சிரித்தார்: "மக்கா, கூட்டம் போன அன்னைக்கே மூடியில சாக்பீஸால தேதி எழுது. தொறந்து பாக்கதுக்கு முன்ன அதப் பாரு." அன்றிலிருந்து என் மூடிகளில் எல்லாம் தேதி இருக்கிறது.

ஆகவே முதல் தேர்வு காத்திருப்பது. செலவு இல்லை, பெரும்பாலும் பலிக்கும். ஆனால் அதற்கு ஓர் எல்லை உண்டு. ஆங்கிலப் புத்தகங்கள் பொறு, பொறு என்று சொல்வது இத்தாலியத் தேனீயை வைத்து. அதில் ராணி போய்ப் புழுவும் தீர்ந்து வாரக்கணக்கில் ஆன பிறகே பணித்தேனீக்கள் முட்டையிடத் துணியும். நம் அடுக்குத் தேனீக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. ராணியும் இல்லை, புழுவும் இல்லை என்றால் ஒரு வாரத்திலேயே தொடங்கிவிடலாம். கருவுறாத அந்த முட்டைகளிலிருந்து ஆண் தேனீக்கள் மட்டுமே வரும். பெட்டி தின்பவர்களால் நிறைந்து, உழைப்பவர்கள் தீர்ந்து, கடைசியில் மெழுகுப்பூச்சிக்கு வீடாகும். அதனால் என் கணக்கு இது: தேதி தெரிந்தால் 22ஆம் நாள் வரை கைவைக்காதீர்கள், அதற்குமேல் சும்மாவும் இருக்காதீர்கள்.

காத்திருக்கும் நாள்களில் ஒரே ஒரு முறை திறக்கலாம், முதல் வாரத்துக்குள். அடையின் கீழ் விளிம்பில் தொங்கும் ராணி அறைகளில் நல்லதாக ஒன்றிரண்டை விட்டு மற்றதை நீக்கிவிடுங்கள். எல்லாவற்றையும் விட்டால் இரண்டாம் கூட்டம், மூன்றாம் கூட்டம் என்று பிரிந்து, பெட்டியில் கையளவு தேனீதான் மிஞ்சும். அறையின் நுனி மூடிபோல வட்டமாகத் திறந்து தொங்கினால் ராணி வெளியே வந்துவிட்டது. பக்கவாட்டில் கிழிந்திருந்தால் உள்ளே இருந்ததைப் போட்டி ராணி கொன்றுவிட்டது. பிற்பகலில் திறக்கவே வேண்டாம். ராணி பறக்கப் போன நேரத்தில் நாம் வாசலை மறித்து நின்றால் அது வழி தவறிப் போகும். அடிக்கடி குடைந்தால் அடுக்குத் தேனீ கூட்டையே காலி செய்துவிட்டு ஓடும்.

22ஆம் நாளும் முட்டை இல்லையா? அப்போது இரண்டாவது தேர்வு: வேறொரு நல்ல பெட்டியிலிருந்து முட்டையும் இளம் புழுவும் உள்ள ஒரு சட்டத்தை எடுத்து, தேனீயை உதறிவிட்டு, இந்தப் பெட்டியின் நடுவில் வையுங்கள். மூன்று நாள் கழித்துப் பாருங்கள். அந்த அடையில் ராணி அறை கட்டத் தொடங்கியிருந்தால் ராணி இல்லை என்பது உறுதி. கட்டாமல் புழுக்களை மட்டும் வளர்த்துக்கொண்டிருந்தால் உள்ளே ஏதோ ஒரு ராணி இருக்கிறது. இன்னும் ஒரு வாரம் விட்டுவிடலாம். என்னைக் கேட்டால் சந்தேகப் பெட்டிக்கு இதைவிட நல்ல வைத்தியம் இல்லை. ராணியைத் தேடி ஏழு சட்டத்தையும் புரட்டுவதைவிட தேனீயிடமே கேட்டுவிடுவது மேல். ஒல்லியாக, விறுவிறுவென்று ஓடும் கன்னி ராணியைக் கண்ணால் பிடிப்பது அனுபவசாலிக்கே கடினம். புழுவின் வாசனை பணித்தேனீயை முட்டையிட விடாமல் தடுப்பதும், கூட்டம் ஓடிப் போகாமல் இருப்பதும் உபரி லாபம்.

இது இலவசம் என்று மட்டும் நினைக்காதீர்கள். இயேசு சபைப் பாதிரியார் நியூட்டன் 1910களில் நம் அடுக்குத் தேனீக்கென்று உருவாக்கிய பெட்டியின் புழு அறையில் இருப்பதே 7 சட்டங்கள்தான். அதில் ஒன்றைக் கடன் கொடுப்பது ஒரு குடும்பத்தின் ஏழில் ஒரு பங்கைக் கொடுப்பது. கொடுக்கும் பெட்டி திடமாக இருக்க வேண்டும், நோய் இல்லாமலும் இருக்க வேண்டும். 1991-92இல் 'தாய் சாக் புரூட்' என்ற புழு நோய் வந்து குமரியில் பெட்டி பெட்டியாகக் காலியானதைப் பார்த்தவர்கள் இன்னும் சட்டம் மாற்றக் கை நடுங்குவார்கள். புழு தலையைத் தூக்கியபடி, தண்ணீர் கட்டிய பைபோலச் செத்துக் கிடந்தால் அந்தப் பெட்டியிலிருந்து ஒரு துண்டு அடைகூட எடுக்காதீர்கள்.

ராணி இல்லை என்று உறுதியான பிறகுதான் உண்மையான தேர்வு வருகிறது. இங்கே தீர்ப்பு சொல்வது மாசி. மாசி, பங்குனியில் ரப்பர் தளிர்க் காம்பில் தேன் சுரக்கும்போது வெளியே பறக்க ஆள் இருக்க வேண்டும். முட்டை பணித்தேனீயாக 20 நாள், அது பறந்து தேன் கொண்டுவர இன்னும் இரண்டு மூன்று வாரம். இதை வைத்துப் பின்னோக்கி எண்ணுங்கள்.

கார்த்திகையில் பிரிந்த பெட்டி என்றால், வைத்த சட்டத்திலிருந்து அவையே ராணி வளர்த்துக்கொள்ளட்டும். முட்டை விழ இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் ஆகும், ஆனாலும் மாசிக்குள் தேறிவிடும். அதற்குள் ஆள் குறையாமலிருக்க இன்னொரு புழுச் சட்டம் கொடுத்து உதவலாம்.

மார்கழியில் பிரிந்ததென்றால் அந்த அவகாசம் இல்லை. வேறு பெட்டியில் முற்றிய ராணி அறை கிடைத்தால் அடையோடு வெட்டி ஒட்டுங்கள். நுனி மெழுகு உரிந்து பழுப்பாகத் தெரிந்தால் முற்றிவிட்டது என்று அர்த்தம். ஏறக்குறைய பத்து நாள் மிச்சமாகும். முட்டையிடும் ராணி கிடைத்தால் இன்னும் நல்லது, ஆனால் விலையும் ஆபத்தும் கூடுதல். முதலில் பெட்டியில் உள்ள ராணி அறைகளை ஒன்று விடாமல் அழியுங்கள். ராணியைக் கம்பிவலைக் கூண்டில் வைத்துப் புழு அடைகளுக்கு நடுவில் இரண்டு நாள் தொங்கவிடுங்கள். தேனீக்கள் கூண்டைக் கடித்துப் பந்துபோல இறுக மொய்த்தால் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. சாதாரணமாக நடந்து, நாக்கை நீட்டி ஊட்டினால் அன்று சாயங்காலம் திறந்துவிடலாம்.

தை பாதியைத் தாண்டிப் பிரிந்த பெட்டிக்கு ராணி தேடி அலையாதீர்கள். இணைத்துவிடுங்கள். இதைச் சொன்னால் பலருக்கு மனம் வராது. பெட்டி எண்ணிக்கை குறைவதை யாரும் விரும்புவதில்லை. ஆனால் இரண்டு நோஞ்சான் பெட்டிகள் தராத தேனை ஒரு முழுப் பெட்டி தரும். ஒரு நாளைக்கு ஓர் அடி வீதம் பெட்டியை நகர்த்தி ராணியுள்ள பெட்டியின் அருகே கொண்டுவாருங்கள். சாயங்காலம், ராணியுள்ள புழு அறைக்கு மேல் ஒரு செய்தித்தாளை விரித்து, ஆணியால் நாலைந்து துளை போட்டு, கொஞ்சம் தேன் தடவி, ராணி இல்லாத அறையை மேலே வையுங்கள். இரண்டு மூன்று நாளில் தாளைக் கடித்துத் துகளாக வெளியே தள்ளிவிடும். அதற்குள் இரண்டு வாசனையும் ஒன்றாகியிருக்கும். மேல் அறையில் கன்னி ராணி ஒளிந்திருந்தால் மட்டும் விபரீதம். உங்கள் நல்ல ராணி சாகக்கூடும். சட்டம் வைத்துச் சோதிக்காமல் இணைக்காதீர்கள் என்பது அதனால்தான்.

முட்டையிடும் பணித்தேனீ உள்ள பெட்டிக்கு இந்தக் கணக்கு எதுவும் பொருந்தாது. ஓர் அறையில் மூன்று நான்கு முட்டை, அதுவும் அடியில் இல்லாமல் சுவரில் ஒட்டியிருக்கும். பணித்தேனீயின் வயிறு அறையின் அடிவரை எட்டாது. உள்ளே ஆண் புழு வளர்வதால் பணித்தேனீ அறைகளில் ஆங்காங்கே குமிழ்போல மூடி எழும்பியிருக்கும். புது ராணியும் முதல் சில நாள் ஓர் அறையில் இரண்டு முட்டை போடும், அதைப் பார்த்து ஏமாறாதீர்கள். முட்டை ஒழுங்காக ஒன்றொன்றாக இருந்தும் எல்லாம் குமிழ் மூடியாக வந்தால் அது மழையில் கூட முடியாமல் போன ராணி. அதைப் பிடித்து நீக்கிவிட்டு இணைக்கலாம். பணித்தேனீயே முட்டையிட்டால் வாங்கிய ராணியை விடுவது பணத்தை வாசலில் போடுவதுதான், கொன்றுவிடும். இரண்டு மூன்று சட்டத்துக்குக் குறைவான தேனீ இருந்தால் வெயில் நேரத்தில் திடமான பெட்டிகளின் முன் உதறிவிட்டுப் பெட்டியை எடுத்துவிடுங்கள். நிறையத் தேனீ இருந்தால் வாரம் ஒரு புழுச் சட்டமாக மூன்று வாரம் கொடுத்துப் பார்க்கலாம். நான் இரண்டு முறை முயன்று ஒரு முறை ஜெயித்தேன். இப்போதெல்லாம் உதறிவிடுவதுதான்.

கடைசியாக, முட்டையும் புழுவும் ஒழுங்காக இருந்தும் கொட்டுகிற பெட்டி. புது ராணியின் குணம் கூட்டத்தில் தெரிய இரண்டு மாதமாவது ஆகும். அவள் பிள்ளைகள் பிறந்து, வாசல் காக்கும் வயதுக்கு வர வேண்டுமே. அதற்கு முன் கோபத்தைக் காரணம் காட்டி அவளை நசுக்குவது அநியாயம். வாசலைச் சிறிதாக்குங்கள், எறும்புக்குத் தண்ணீர்க் கிண்ணம் வையுங்கள், கதம்பை நாரில் லேசாகப் புகை காட்டி மாலை வெயிலில் மட்டும் திறங்கள். கொட்டு வாங்கியவருக்கு மூச்சுத் திணறினாலோ உடம்பெல்லாம் தடித்தாலோ சுண்ணாம்பு தேடாமல் மருத்துவமனைக்கு ஓடுங்கள். இரண்டு மாதம் கழித்தும் குணம் மாறவில்லை என்றால், சித்திரையில் தேன் எடுத்து முடித்த பிறகு சாதுவான பெட்டியின் ராணி அறையைக் கொடுத்து மாற்றலாம். அதுவரைக்கும் பெட்டிக்குப் பக்கத்தில் ஆட்டைக் கட்டுகிறவர்கள் அந்த இடத்தை மாற்றுங்கள்.