நிழல் விழாத சமையல் மேடை

சமையலறையைப் புதுப்பிக்கக் கிளம்புபவர்கள் ஜன்னலைப் பற்றிக் கொத்தனாரிடமும், விளக்கைப் பற்றி எலக்ட்ரீஷியனிடமும், அறை நடுவே தனித்து நிற்கும் ஐலண்ட் மேடையைப் பற்றி மாடுலர் கிச்சன் கடையிலும் தனித்தனியாகப் பேசி முடிக்கிறார்கள். மூன்று பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகச் செய்தாலும், கடைசியில் வெங்காயம் நறுக்கும் இடத்தில் நறுக்குபவரின் தலை நிழலே விழுகிறது. இந்த மூன்றையும் ஒரே கேள்வியில் தொடங்க வேண்டும்: கை எங்கே வேலை செய்யப் போகிறது, அங்கே வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வரும்? இது புதிய யோசனை அல்ல. 1926இல் ஃபிராங்ஃபர்ட் நகரக் குடியிருப்புகளுக்காக மார்கரெட் ஷூட்டே-லிஹாட்ஸ்கி வடிவமைத்த சமையலறை ஏறக்குறைய 1.9 மீட்டர் அகலமும் 3.4 மீட்டர் நீளமும் கொண்டது. அதில் வேலை மேசை ஜன்னலை ஒட்டி இருந்தது. விளக்கைக் கூரையில் ஒரு பட்டையில் வேண்டிய இடத்துக்கு நகர்த்திக்கொள்ளலாம். விளக்கு கையைத் தேடி வந்தது. நம் வீடுகளில் கூரை நடுவில் ஒன்றை மாட்டிவிட்டு, கையை நம் நிழலில் விட்டுவிடுகிறோம்.

முடிவெடுக்க வேண்டிய வரிசை ஜன்னல், மேடை, விளக்கு, ஐலண்ட். பின்னால் மாற்ற எது அதிகச் செலவு வைக்குமோ அதை முதலில் முடிவு செய்வதுதான் இந்த வரிசைக்குக் காரணம். அறையின் நீள அகலத்தையும், பீம், தூண் இருக்கும் இடங்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இரவில் இப்போதைய மேடை மீது ஒரு வெள்ளைத் தாளை வைத்து, வழக்கமாக நறுக்கும் இடத்தில், அடுப்பின் முன்னால், சிங்க்கின் முன்னால் நின்று பாருங்கள். தாளில் எங்கெல்லாம் உங்கள் நிழல் விழுகிறதோ அங்கெல்லாம் புது அறையில் விளக்கு வேண்டும். எந்தக் கடையின் முப்பரிமாணப் படமும் இதைக் காட்டாது.

ஜன்னலுக்கு வருவோம். இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு சமையலறைக்குக் குறைந்தது 1 சதுர மீட்டர் ஜன்னல் கேட்கிறது. வெப்பமும் ஈரப்பதமும் சேர்ந்த பகுதிகளில் அறைகளின் ஜன்னல் பரப்பு தரைப்பரப்பில் ஆறில் ஒரு பங்காவது இருக்க வேண்டும் என்கிறது. 8க்கு 10 அடி அறை என்றால் ஏறக்குறைய 13 சதுர அடி. அதாவது 4 அடி அகலம், மூன்றரை அடி உயரம். பலரும் இங்கேதான் ஏமாறுகிறார்கள். பாதி மட்டும் திறக்கும் ஜன்னலில் திறக்கிற பரப்புதான் கணக்கு. அதே அளவில் இரண்டு கதவு ஸ்லைடிங் ஜன்னல் போட்டால் திறப்பது 7 சதுர அடி மட்டுமே. 1 சதுர மீட்டர்கூட வராது. தாளிக்கும்போது தேவைப்படுவது கண்ணாடி அல்ல, திறப்பு. ஆகவே சமையலறைக்கு முழுதாகத் திறக்கும் கதவுள்ள ஜன்னல்தான். அது வெளிப்பக்கம் திறக்கட்டும். உள்பக்கம் திறந்தால் உயரமான சிங்க் குழாயில் இடிக்கும்.

ஜன்னலுக்குக் கீழே சிங்க் அல்லது நறுக்கும் இடம் வரட்டும், அடுப்பு வேண்டாம். காற்று சுடரை அலைக்கும், எண்ணெய்ப் பிசுக்கு கொசுவலையில் ஒட்டும், சிம்னியை ஜன்னல் முன்னால் தொங்கவிடவும் முடியாது. மேடை 33 அங்குலம் என்றால் ஜன்னலின் அடி 40 அங்குலத்தில் தொடங்கினால் தண்ணீர் தெறிக்காது. மேலே 7 அடி லிண்டல் வரை போகலாம். திசையில் தேர்வு இருந்தால் வடக்கு நல்லது, பகல் முழுக்க நிதானமான வெளிச்சம் கிடைக்கும். தெற்கு ஜன்னலுக்கு 2 அடி சன்ஷேடு போதும். மேற்கு வெயில் தாழ்வாக வருவதால் சன்ஷேடு எதுவும் செய்யாது. அங்கே சிறிய ஜன்னலோடு நிறுத்துங்கள். எக்ஸாஸ்ட் ஃபேனை ஜன்னலுக்குப் பக்கத்திலேயே வைத்தால் அது ஜன்னல் காற்றையே இழுத்து வெளியே தள்ளும், புகை அறையிலேயே நிற்கும். எதிர்ச்சுவரில், அடுப்புக்கு மேல் வையுங்கள். சிலிண்டரில் வரும் சமையல் எரிவாயு காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படரும். அதனால் சிலிண்டர் இருக்கும் இடத்தில் தரையை ஒட்டி ஒரு ஜாலியும் வேண்டும்.

சுவரை உடைக்கும் முன் அது எந்தச் சுவர் என்று கேளுங்கள். தூணும் பீமும் தாங்கும் வீட்டில் இடையிலுள்ள செங்கல் சுவரில் ஜன்னலைப் பெரிதாக்கலாம். சுவரே பாரம் தாங்கும் பழைய வீட்டில் புது லிண்டல் போட்ட பிறகே உடைக்க வேண்டும். முழுக் கான்கிரீட் சுவராக வார்த்த புதிய அடுக்குமாடிகளில் கை வைக்கவே கூடாது. செங்கல் சுவர்தான் என்றாலும் அடுக்குமாடியில் வெளித்தோற்றம் மாறுவதால் சங்கத்தின் அனுமதி வேண்டும்.

ஜன்னல் பெரிதானால் மேல் கப்போர்டு போய்விடுமே என்பது நியாயமான கேள்வி. ஆனால் மேல் கப்போர்டின் ஆழம் 12 அங்குலம், மேடைக்குக் கீழ் உள்ள இடத்தின் ஆழம் 24 அங்குலம். கீழே இழுப்பறைகளாகப் போட்டால் அதே நீளத்துக்கு இரண்டு மடங்கு ஆழம் கையருகே வருகிறது. மற்றொரு மறுப்பு வாஸ்து. அக்கினி மூலையில் கிழக்கு பார்த்துச் சமைக்க வேண்டும் என்பவர்கள் அப்படியே செய்யலாம்; இந்தத் திட்டத்துக்கு அதனால் இடைஞ்சல் இல்லை. அடுப்புக்கு நேர் எதிரே ஜன்னல் வைக்காதீர்கள், இரண்டடி தள்ளி வையுங்கள். காலை டிபன் நேரத்தில் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும்போது தோசை சிவந்ததா என்று தெரியாது.

இனி விளக்கு. சிக்கலெல்லாம் இங்கேதான். சமைப்பவர் சுவரைப் பார்த்து நிற்கிறார். கூரை நடுவிலுள்ள விளக்கு அவர் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது. அதை எத்தனை வாட் கூட்டினாலும் நிழல் இன்னும் கறுப்பாகுமே தவிர நகராது. விளக்கு, சமைப்பவரின் தலைக்கும் சுவருக்கும் இடையே இருந்தால்தான் நிழல் அவர் பின்னால் போகும். மேல் கப்போர்டு உள்ள இடங்களில் அதன் அடிப்பகுதிதான் சரியான இடம்: முன் விளிம்பை ஒட்டி, சற்றுச் சுவர்ப் பக்கம் சாய்ந்த எல்.இ.டி. பட்டை. சுவரை ஒட்டிப் போட்டால் டைல்ஸ் மட்டும் பளபளக்கும், நறுக்கும் இடம் மங்கலாகவே இருக்கும். அலுமினியச் சட்டமும் பால் நிற மூடியும் கட்டாயம். பாலிஷ் போட்ட கறுப்பு கிரானைட்டில் ஒவ்வொரு பல்பும் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்து கண்ணைக் குத்தும். கறுப்புக் கல் வெளிச்சத்தை விழுங்கவும் செய்யும், வெள்ளைக் கல்லைவிட அதற்குக் கூடுதல் வெளிச்சம் வேண்டும். மீட்டருக்கு 10 வாட் பட்டை எடுங்கள். 8 அடி மேடைக்கு 24 வாட். பட்டைக்கு ஏற்ற மின்சாரம் தரும் டிரைவரை 30 வாட்டாக வாங்கினால் சூடேறாமல் நிலைக்கும். நிறம் 4000 கெல்வின், நிறங்களைச் சரியாகக் காட்டும் அளவான சி.ஆர்.ஐ. 90. இதற்குக் குறைந்தால் மஞ்சள் தூள் போதுமா, கீரை வதங்கியதா என்பதே தெரியாது. நிறம் மாறும் ரிமோட் விளக்கு, ஃபால்ஸ் சீலிங் ஓரத்து நீல வெளிச்சம் எல்லாம் வரவேற்பறையோடு நிற்கட்டும்.

இந்தப் பட்டைக்கான ஒயர் டைல்ஸ் ஒட்டும் முன்பே சுவருக்குள் போயிருக்க வேண்டும். பெரும்பாலான வேலைகள் இங்கேதான் கெடுகின்றன. கப்போர்டு வந்த பிறகுதான் விளக்கு நினைவுக்கு வருகிறது, ஒயர் டைல்ஸ் மீது ஓடுகிறது. மேடை 33 அங்குலம், அதற்கு மேல் 22 அங்குலம் இடைவெளி, ஆக கப்போர்டின் அடி 55 அங்குலம். ஒயர் 57 அங்குலத்தில் வெளியே வந்தால் கப்போர்டுக்குள் மறையும். இந்த அளவைக் காரைத் தரையிலிருந்து எடுக்காதீர்கள். தரை டைல்ஸும் அதன் கீழ்க் கலவையும் சேர்ந்து 2 அங்குலம் உயர்ந்தால் எல்லாப் புள்ளிகளும் அத்தனை கீழே இறங்கிவிடும். முடிந்த தரையின் மட்டத்தை நாலு சுவரிலும் கோடாகப் போட்டு, அதிலிருந்து அளக்கச் சொல்லுங்கள். டிரைவர் அடுப்புக்கு மேல் வேண்டாம், பக்கத்துக் கப்போர்டில் கைக்கு எட்டும்படி இருக்கட்டும். இந்த விளக்குக்கான சுவிட்ச் மேடைக்கு மேலேயே, சிங்க்கிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். வாசலருகே வைத்தால் யாரும் போடவே மாட்டார்கள். ஜன்னல் சுவரில் கப்போர்டு இருக்காது. அங்கே லிண்டலுக்கு மேல் சுவரிலிருந்து ஓரடி நீண்ட விளக்கு ஒன்று. அடுப்புக்குச் சிம்னி விளக்கு போதும். கூரைக்குப் பொதுவாக ஒரு விளக்கு. மின்விசிறி இருந்தால் அதன் இறக்கைக்கு மேல் விளக்குகள் வராமல் பாருங்கள், அறை முழுக்க நிழல் வெட்டிக்கொண்டே இருக்கும்.

பகலிலும் நல்ல எல்.இ.டி. எரிந்தால் ஜன்னல் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. விளக்கு வெளிச்சம் மட்டும்தான் தரும். ஜன்னல் வெக்கையையும் புகையையும் வெளியேற்றுகிறது, ஈரத்தை உலர்த்துகிறது, மின்வெட்டிலும் வேலை செய்கிறது. இரண்டும் ஒன்றுக்கொன்று மாற்றல்ல.

கடைசியாக ஐலண்ட். அமெரிக்காவின் தேசியச் சமையலறை, குளியலறைச் சங்கம் ஒருவர் சமைக்கும் இடத்தில் 42 அங்குலமும், இருவர் சமைத்தால் 48 அங்குலமும் நடைவழி விடச் சொல்கிறது. சுவர் மேடை 2 அடி, வழி மூன்றரை அடி, ஐலண்ட் 2 அடி, அதன் பின்னால் 3 அடி: ஒரு பக்கம் மட்டும் மேடை இருந்தாலே அறை பத்தரை அடி அகலம் வேண்டும். இரு பக்கமும் மேடை என்றால் 13 அடி. 8 அடி அகல அறையில் இரு மேடை போக மிஞ்சுவது 4 அடி. அது நடக்கவே சரி. சந்தேகம் இருந்தால் தரையில் செய்தித்தாளை ஐலண்ட் அளவுக்கு ஒட்டி, ஒரு வாரம் அதை மிதிக்காமல் சமைத்துப் பாருங்கள். இடம் உண்டு என்றால் போடுங்கள், ஆனால் அடுப்பையும் சிங்க்கையும் அதில் வைக்காதீர்கள். எரிவாயுக் குழாய் தரைக்கடியில் போக வேண்டும், எண்ணெய் நாலு பக்கமும் தெறிக்கும். நறுக்க, சப்பாத்தி தேய்க்க, முறுக்கு பிழிய அது தட்டையாக இருப்பதே லாபம். மிக்ஸிக்கான பிளக் பாயிண்ட் குழாயைத் தரை டைல்ஸுக்கு முன்பே புதையுங்கள். தொங்கு விளக்கு கல்லிலிருந்து 30 அங்குல உயரத்தில் இருந்தால் கண்ணில் அடிக்காது. வீட்டை விற்கும்போது ஐலண்டுக்கு மதிப்பு உண்டே என்பார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவு முழுதாகத் திறக்காத அறையில் அது வாங்குபவருக்கும் இடைஞ்சல்தான். இடமில்லாதவர்களுக்குச் சக்கரம் வைத்த 2க்கு 3 அடி மேசை அந்த வேலையில் முக்கால்வாசியைச் செய்யும்.

பாதியில் பணம் குறைந்தால் வெட்டும் வரிசை இது: முதலில் ஐலண்ட், அடுத்து ஃபால்ஸ் சீலிங், அடுத்து கப்போர்டு கதவுகளின் பளபளப்பு. இவற்றை இரண்டு வருடம் கழித்தும் சேர்க்கலாம். ஜன்னலின் அளவிலும் சுவருக்குள் போகும் ஒயரிலும் மட்டும் குறைக்காதீர்கள். டைல்ஸ் ஒட்டும் முந்தைய நாள், அளவு நாடாவைச் சுவரில் பிடித்துக்கொண்டு ஒயர்க் குழாய் போகும் ஒவ்வொரு காடியையும் செல்போனில் படம் எடுத்து வையுங்கள். பிறகு சிம்னி மாட்டத் துளை போட வருபவருக்கு முதலில் அந்தப் படத்தைக் காட்டுங்கள்.