கயிற்றில் குறைந்த இரண்டு விரற்கடை

ஸ்ரீமத் பாகவதத்தின் பத்தாம் ஸ்கந்தத்தில், யசோதை கண்ணனை உரலில் கட்டிய வரலாறு வருகிறது. தயிர்ப் பானையை உடைத்துவிட்டு ஓடிய பிள்ளையைப் பிடித்துக் கட்ட முயல்கிறாள் தாய். கயிறு இரண்டு விரற்கடை குறைகிறது. இன்னொரு கயிற்றை முடிந்து நீட்டுகிறாள். அப்போதும் அதே இரண்டு விரற்கடை குறைகிறது. வீட்டிலுள்ள கயிறுகளையெல்லாம் இணைத்தும் பயனில்லை. உடல் வியர்த்து, கூந்தல் அவிழ்ந்து அவள் களைத்து நிற்பதைக் கண்டு மனமிரங்கிய கண்ணன், தானே கட்டுண்கிறான். குறைந்த அந்த இரண்டு விரற்கடைகளில் ஒன்று மனித முயற்சி, மற்றொன்று இறையருள் என்று பெரியோர் விளக்கம் கூறுவர்.

நோயுற்ற குழந்தையைப் பேணும் பெற்றோர் அனைவரும் இக்கயிற்றின் குறைவை உணர்ந்தவர்களே. சில நாட்களில் தணியும் காய்ச்சலில் அக்குறைவு பெரிதாகத் தெரிவதில்லை. ஆண்டுக்கணக்கில் நீடிக்கும் நோயில்தான், எது நமது முயற்சி, எதை இறைவனிடம் விடுவது என்ற கேள்வி நாள்தோறும் எழுகிறது. சிறு குழந்தைகளுக்கு வரும் மூட்டழற்சி அத்தகைய ஒரு நோய்.

ஒரு தாயின் நான்கு வாரங்கள்

நாகபுரியில் வாழும் ஒரு குடும்பத்தில் நான்கு வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. ஒரு மார்கழி மாதத்தில், காலை எழுந்ததும் அது நொண்டி நடக்கத் தொடங்கியது. வலிக்கிறது என்று அழவில்லை. தூக்கிக்கொள் என்று மட்டும் கேட்டது. பத்து மணிக்குள் வழக்கம்போல் ஓடியாடியது. பள்ளிக்குப் போக மனமின்றிச் செய்யும் குறும்பு என்றே வீட்டார் எண்ணினர். ஒரு மாதம் கழிந்தபின் வலது முழங்கால் வீங்கியிருப்பதைப் பாட்டி கண்டார். எலும்பு மருத்துவர், குழந்தை மருத்துவர் எனப் பலரைக் கண்டு, இறுதியில் மூட்டுநோய் வல்லுநரிடம் சென்றபோது நோயின் பெயர் தெரியவந்தது. முதலில் கொடுத்த மருந்துகளால் வீக்கம் முழுவதும் தணியாததால், வாரம் ஒருமுறை உட்கொள்ளும்படி மெதோட்ரெக்ஸேட் மாத்திரையை மருத்துவர் எழுதித் தந்தார்.

மருந்துப் பெட்டியினுள் இருந்த தாளை அன்றிரவு தாய் படித்தாள். புற்றுநோய்க்கும் தரப்படும் மருந்து என்பதைக் கண்டதும் அவள் நெஞ்சு நடுங்கியது. கல்லீரல், இரத்த அணுக்கள் என்று தொடர்ந்த எச்சரிக்கைகளை முழுவதும் படிக்கவும் அவளால் இயலவில்லை. கணவரிடமும் கூறாமல், நான்கு வாரங்களுக்குரிய மாத்திரைகளைப் பூஜை அலமாரியில் படங்களுக்குப் பின்னால் வைத்துவிட்டு, "நீயே குணப்படுத்து" என்று இறைவனிடம் மன்றாடினாள்.

ஐந்தாம் வாரம், முன்பே குறித்திருந்த கண் பரிசோதனைக்குக் குழந்தையை அழைத்துச் சென்றனர். கண் சிவக்கவில்லை, நீர் வடியவில்லை, குழந்தை ஒரு குறையும் கூறவில்லை. ஆயினும், கண்ணின் உட்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டும் 'ஸ்லிட் லாம்ப்' கருவியின்முன் அமர்த்திப் பார்த்த மருத்துவர், இடது கண்ணின் உள்ளே அழற்சி தொடங்கியிருப்பதைக் கூறினார். தாய் அங்கேயே அழுது, மாத்திரைகளை மறைத்ததை ஒப்புக்கொண்டாள்.

காரணம் தேடும் மனம்

"என்ன பாவம் செய்தோம்?" என்பது இத்தகைய வீடுகளில் முதலில் எழும் கேள்வி. கருவுற்றிருந்தபோது உண்ட உணவு, குளிர்ந்த நீரில் குளிப்பாட்டியது, போட்ட தடுப்பூசி, முற்பிறவி வினை என்று மனம் ஒவ்வொன்றாகத் தேடி அலைகிறது. உறவினரும் தத்தம் பங்கிற்கு ஒரு காரணத்தைச் சேர்க்கின்றனர்.

மருத்துவம் இந்நோய்க்கு வைத்துள்ள பெயர் ஜுவைனல் இடியோபதிக் ஆர்த்ரைடிஸ். 'இடியோபதிக்' என்பதற்கு, காரணம் இன்னதென்று அறியப்படாதது என்று பொருள். 16 வயதுக்குள் தொடங்கி, ஒரு மூட்டிலோ பல மூட்டுகளிலோ குறைந்தது 6 வாரங்கள் நீடிக்கும் அழற்சி, வேறு காரணம் எதுவும் புலப்படாதபோது, இப்பெயரைப் பெறுகிறது. உடலைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு ஆற்றல், நெறிதவறி, மூட்டின் உட்சவ்வையே தாக்குகிறது. 1897ஆம் ஆண்டிலேயே லண்டன் மருத்துவர் ஜார்ஜ் ஃபிரெடெரிக் ஸ்டில், இவ்வாறு துன்புற்ற 22 குழந்தைகளைப் பற்றி விரிவாக எழுதினார். முதியோருக்கு மட்டுமே மூட்டுநோய் வரும் என்பது, அன்றே தவறென்று தெரிந்துவிட்ட ஒரு கருத்து.

இந்நோய் பெற்றோர் இழைத்த தவறால் வருவதன்று. கர்ம நியதியை ஏற்பவரும் இங்கு ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். பிறர் துன்பத்தைக் கண்டு, "அது அவர் வினை" என்று கூறி விலகுவதற்காகச் சான்றோர் அதனைப் போதிக்கவில்லை. இப்போது, இக்கணத்தில் செய்யும் செயலுக்கு நாமே பொறுப்பு என்பதை உணர்த்தவே போதித்தனர். கடந்ததைத் தேடிக் களைத்த மனத்திற்கு, இன்று செய்ய வேண்டியதைச் செய்யும் வலிமை எஞ்சுவதில்லை.

செய்யாமையும் ஒரு செயலே

அந்தத் தாய் மாத்திரை தராமல் இருந்தபோது, தான் எதுவும் செய்யவில்லை என்றே நினைத்தாள். கொடுத்துத் தீங்கு நேர்ந்தால் பழி தன்னுடையது. கொடுக்காமல் தீங்கு நேர்ந்தால் அது விதி என்று அவள் மனம் கணக்கிட்டது. மனித மனம் பெரும்பாலும் இவ்வாறே கணக்கிடும்.

கீதையின் நான்காம் அத்தியாயம் இக்கணக்கைத் திருத்துகிறது. கர்மத்தையும் அகர்மத்தையும் ஆராயும் பகவான், வெளிப்பார்வைக்குச் செயலற்றதாகத் தோன்றும் நிலையிலும் செயல் மறைந்திருக்கக்கூடும் என்பதை அர்ஜுனனுக்கு உணர்த்துகிறார். மருந்தை மறுப்பதும் ஒரு தேர்வு. அதற்கும் பயன் உண்டு.

அப்பயன் எத்தகையது? தணியாத அழற்சி மூட்டின் குருத்தெலும்பை மெல்ல அரிக்கிறது. நீட்ட முடியாமல் மடங்கியே இருக்கும் முழங்கால் அந்நிலையிலேயே இறுகிவிடலாம். குழந்தை வளரும் பருவத்தில் இருப்பதால், அழற்சியுற்ற முழங்காலை உடைய கால் மற்றதைவிட நீண்டு, நடை சாய்ந்துபோவதும் உண்டு. கண்ணின் உள் அழற்சி, வலியோ சிவப்போ இன்றி வளர்ந்து, கண்புரை, கண் அழுத்தம் ஆகியவற்றின் வழியே பார்வையைப் பறிக்கக்கூடும். எனவேதான், ஆபத்து மிகுந்த குழந்தைகளுக்கு 3 மாதங்களுக்கு ஒருமுறை கண் பரிசோதனை வேண்டும் என்கின்றனர் மருத்துவர்.

ஆக, எடையிட வேண்டியது மருந்தின் தீமையை மட்டுமன்று. ஒரு தட்டில் மருந்தின் தீமையும் நன்மையும், மறுதட்டில் மருந்தில்லா நோயின் போக்கு. இரண்டையும் ஒருங்கே காண்பது விவேகம். ஒன்றை மட்டுமே காண்பது அச்சம். பெற்றோரின் அச்சம் அன்பிலிருந்து பிறந்ததாயினும், அதுவே அன்பாகிவிடாது.

மருந்தை அறிதல்

தைவீ குணங்களைப் பட்டியலிடும் கீதையின் பதினாறாம் அத்தியாயம் 'அபயம்' என்பதை முதலில் வைக்கிறது. அச்சமின்மை கண்ணை மூடிக்கொள்வதால் வருவதில்லை, அறிவதால் வருகிறது.

மெதோட்ரெக்ஸேட் சில புற்றுநோய்களுக்கும் தரப்படுவது உண்மையே. அங்கே ஒரு சதுர மீட்டர் உடற்பரப்புக்குக் கிராம் கணக்கில்கூடத் தரப்படுவதுண்டு. மூட்டழற்சிக் குழந்தைக்கோ வாரம் ஒருமுறை, பெரும்பாலும் 10 முதல் 15 மில்லிகிராம் என்ற அளவே. பெயர் ஒன்றாயினும் அளவும் நோக்கமும் வேறு. இக்குறைந்த அளவு குழந்தைகளின் மூட்டழற்சிக்குப் பயன்தருவதை 1992இல் வெளியான ஓர் ஆய்வு நிலைநாட்டியது. பலன் தெரியச் சில வாரங்கள் முதல் சில மாதங்கள் ஆகலாம் என்பதால் பொறுமை தேவை. குமட்டல், வாய்ப்புண் ஆகியவற்றைக் குறைக்க ஃபோலிக் அமிலம் தருகின்றனர். கல்லீரலையும் இரத்த அணுக்களையும் குறித்த காலத்தில் பரிசோதிப்பதால், மாறுதல் ஏதும் நேரின் தொடக்கத்திலேயே அறிந்து, அளவைக் குறைக்கவோ நிறுத்தவோ இயலும்.

சில எச்சரிக்கைகள் உயிரைக் காப்பவை. இம்மாத்திரை வாரம் ஒருமுறைக்கு உரியது; தவறுதலாக நாள்தோறும் தருவது பேராபத்து. கருவுற்ற பெண்கள் இதைப் பொடித்துக் கையாளலாகாது. குழந்தைக்குக் கடும் காய்ச்சல் வந்தாலோ, அம்மை நோய் கண்டவருடன் பழக நேர்ந்தாலோ உடனே மருத்துவரிடம் கூற வேண்டும். உயிருள்ள கிருமிகளைக் கொண்ட தடுப்பூசிகளை அவரைக் கேட்காமல் போடலாகாது. வேறு எம்மருத்துவரிடம் சென்றாலும் மருந்துப் பட்டியலைக் காட்டுதல் நலம். சில கிருமிக்கொல்லி மருந்துகள் இதனுடன் சேர்ந்தால் தீங்கு விளைவிக்கும்.

ஸ்டீராய்டு மருந்துகளைப் பற்றிய கவலையும் பொருளற்றதன்று. நெடுங்காலம் உட்கொண்டால் முகம் உப்பும், வளர்ச்சி குன்றும், எலும்பு மெலியும். ஆதலால் மருத்துவர் அவற்றைக் குறைந்த அளவில், குறுகிய காலத்திற்கே தர விழைகின்றனர். ஓரிரு மூட்டுகள் மட்டும் பாதிக்கப்பட்டிருப்பின் அம்மூட்டினுள்ளேயே ஊசி மூலம் செலுத்துகின்றனர். சில வாரங்கள் தொடர்ந்து உட்கொண்ட ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. உடல் தானே சுரக்க வேண்டியதை அதற்குள் மறந்திருக்கும். பெயரோ சேர்மானமோ தெரியாத 'மூட்டுப் பொடி'களில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும் என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும்.

உயிரியல் மருந்துகள் என்னும் புதிய வகையும் உண்டு. 1999இல் எடனெர்செப்ட் என்ற மருந்து அமெரிக்காவில் இக்குழந்தைகளுக்கு ஒப்புதல் பெற்றது முதல் வேறு பலவும் வந்துள்ளன. காசநோய் மிகுந்த நம் நாட்டில், இவற்றைத் தொடங்குமுன் அந்நோய் மறைந்துள்ளதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

இல்லமே சாதனைக் களம்

அந்தத் தாயிடம் மருத்துவர் சினம் கொள்ளவில்லை. "இந்த நான்கு வாரங்களால்தான் கண்ணில் அழற்சி வந்தது என்று எவராலும் சொல்ல முடியாது. மருந்து கொடுத்திருந்தாலும் வந்திருக்கலாம். ஆனால் இனி உங்கள் பயத்தை அலமாரியில் வைக்காதீர்கள், என்னிடம் கொண்டு வாருங்கள்" என்றார். தக்க காலத்தில் கண்டதால், சொட்டு மருந்துடனும் மீண்டும் தொடங்கிய மாத்திரையுடனும் அழற்சி தணிந்தது, பார்வை காக்கப்பட்டது.

அதன்பின் அவ்வீட்டில் ஓர் ஒழுங்கு ஏற்பட்டது. வெள்ளிக்கிழமை மாலை விளக்கேற்றியபின் மாத்திரை; நாட்காட்டியில் தந்தை குறியிடுவார். சனிக்கிழமை சற்றே குமட்டல் இருந்தாலும் ஓய்வெடுக்கலாம். ஞாயிறன்று குழந்தைகள் வகுப்புக்குச் செல்லலாம். காலையில் மூட்டு விறைத்திருக்கும் நேரத்தில் வெந்நீர்க் குளியல் பாட்டியின் பொறுப்பு. இரவில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்து மடக்கித் தூங்கச் செய்யும் வழக்கத்தை, கால் இறுகிவிடும் என்பதறிந்து, அவரே நிறுத்தினார். இயன்முறைப் பயிற்சியும், மிதிவண்டி ஓட்டுவதும் அன்றாட விளையாட்டாயின. பிரார்த்தனையின்போது சம்மணமிட முடியாத நாட்களில் குழந்தை சிறு முக்காலியில் அமர்ந்தது. இறைவன் அதைக் குறையாகக் கொள்வானா என்ன? ஏகாதசியன்று பெரியவர்கள் உபவாசம் இருந்தாலும், வலி மருந்தை வெறும் வயிற்றில் தரலாகாது என்பதால் குழந்தைக்கு முதலில் உணவு.

வாய்மையும் அங்கே ஒரு சாதனையாயிற்று. முன்பெல்லாம், "ஊசி வலிக்கவே வலிக்காது" என்று கூறி இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் செல்வர். இப்போது தாய், "கொஞ்சம் வலிக்கும். பத்து எண்ணுவதற்குள் முடிந்துவிடும். நான் கையைப் பிடித்துக்கொள்வேன்" என்றாள். அழுகை நின்றுவிடவில்லை, ஆனால் அழுதுகொண்டே எண்ணக் குழந்தை கற்றுக்கொண்டது. தாயின் முகத்தைப் பார்த்தே குழந்தை தன் நோயை அறிகிறது. அம்முகத்தில் அமைதி இருப்பின், அதுவும் ஒரு மருந்தே.

இரண்டாவது விரற்கடை

இத்தனையும் செய்தபின் நோய் மீண்டும் தலைதூக்காது என்பதற்கு உறுதி உண்டா? இல்லை. பல குழந்தைகளுக்கு நோய் அடங்குகிறது. சிலருக்கு மருந்தை நிறுத்தியபின் திரும்பவும் வருகிறது. வேறு சிலருக்கு வளர்ந்தபின்னும் தொடர்கிறது. மருந்தை எப்போது குறைப்பது என்பதையும் பெற்றோர் தாமே முடிவு செய்யாமல் மருத்துவருடன் கலந்தே முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் பிரார்த்தனைக்கு உரிய இடம். முதல் விரற்கடையை நிரப்பாதவன் இரண்டாவதைக் கேட்பது சரணாகதியன்று. யசோதை வீட்டிலிருந்த கடைசிக் கயிறுவரை முடிந்து பார்த்தாள். அதன்பின்னரே கண்ணன் இரங்கினான். முயற்சியை நிறைவாகச் செய்து, பயனை அவன் பிரசாதமாக ஏற்கும் மனம், நல்ல நாளில் துள்ளுவதும் இல்லை. கெட்ட நாளில் உடைவதும் இல்லை. "நீயே குணப்படுத்து" என்று முன்பு மன்றாடிய அதே தாய், இன்று வெள்ளிக்கிழமைகளில் மாத்திரையைக் கையில் ஏந்தியபடி, "இதன் வழியே நீயே வா" என்று வேண்டுகிறாள். பூஜை அலமாரியில் படங்களுக்குப் பின்னால் இப்போது எதுவும் இல்லை.

சிந்தனைக்கு

1. கடினமான ஒரு முடிவை ஒத்திப்போட்டுவிட்டு, அதனை இறைவன் மீதுள்ள நம்பிக்கை என்று நாம் அழைத்ததுண்டா?

2. நோயுற்ற குழந்தையை உடைய வீட்டிற்குச் செல்லும்போது, காரணமும் கைமருந்தும் கூறுவதைவிடுத்து, நாம் செய்யக்கூடிய ஒரு சிறு உதவி எது?

3. நம் வீட்டுக் குழந்தையிடம் அச்சத்தால் கூறும் பொய் எது? அதற்கு மாற்றாக, அன்புடன் கூறத்தக்க உண்மை எது?