பைக் வாங்கும் முன் ஓட்டிப் பாருங்கள்

பசுவந்தனை வட்டாரத்தில் புது பைக் என்றால் பெரும்பாலும் கோவில்பட்டி ஷோரூம்தான். விலையும் தவணையும் பேசுவதற்கு முன்பே வண்டியை ஓட்டிப் பார்த்துவிடுங்கள்.

1. ஓட்டுநர் உரிமமும் சொந்த ஹெல்மெட்டும் கொண்டுபோங்கள். உரிமம் இல்லாதவருக்குச் சாவி தரக் கூடாது.

2. சோதனை வண்டிக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று கேளுங்கள். வழியில் விபத்து நடந்தால் சிக்கல் உங்களுக்கும்தான்.

3. வண்டி நிற்கும்போதே முன் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி என்று பாருங்கள். நம் ஊருக்கு இதுதான் முக்கியம். ஐப்பசி, கார்த்திகை மழையில் வண்டிப்பாதையில் இறங்கினால் கரிசல் மண் டயரில் அப்பிக்கொண்டே வரும். இடைவெளி குறைந்தால் சக்கரம் சுற்றாமல் நின்றுவிடும். பருத்திக்கும் உளுந்துக்கும் தினமும் காட்டுக்குப் போகிறவர்கள் மைலேஜுக்கு முன்னால் இதைப் பாருங்கள்.

4. இரண்டு பாதமும் தரையில் ஊன்றுகிறதா? சேற்றில் சறுக்கும்போது கால்தான் துணை.

5. வீட்டுப் பெண்களைப் பின்னால் உட்காரவைத்து ஓட்டுங்கள். ஆள் ஏறினால் பிரேக் பிடிக்கும் தூரம் மாறும். பின்னிருப்பவருக்குக் கைப்பிடி, கால்மிதி, சேலை சிக்காத தடுப்பு மூன்றும் 1989-ஆம் ஆண்டு மத்திய மோட்டார் வாகன விதி 123-இன்படி கட்டாயம்.

6. வேகத்தடையும் பள்ளமும் உள்ள தெருவில் ஓட்டுங்கள். நால்வழிச் சாலையில் எந்தப் புது வண்டியும் சுகமாகத்தான் ஓடும்.

ஓட்டிப் பார்க்கத் தராத கடையில் முன்பணம் கட்டாதீர்கள்.