படித்த பிள்ளை ஏன் காத்திருக்கிறான்?

வேலையற்ற இளைஞரைச் "சோம்பேறிகள்" என்று நாம் எளிதில் தீர்ப்பிட்டுவிடுகிறோம், வாசகரே. நம் நாட்டின் வரலாறு அத்தீர்ப்புக்கு இடந்தருவதாயில்லை.

1945இல் இலவசக் கல்வி வந்தது. ஒரு தலைமுறைக்குள் கிராமத்துப் பிள்ளைகளும் க.பொ.த. சித்தியடைந்தனர். நாட்டின் வருவாயோ தேயிலை, இறப்பர், தெங்கு என்னும் மூன்றிலேயே தங்கியிருந்தது. 1960களில் தேயிலை விலை விழவே அந்நியச் செலாவணி வற்றியது. இயந்திரமும் மூலப்பொருளும் தருவிக்க வழி குறைந்தது. சான்றிதழ்கள் பெருகிய அளவுக்குத் தொழில்கள் பெருகவில்லை.

1971இல் டட்லி சீர்ஸ் தலைமையில் வந்த சர்வதேச தொழில் தாபனக் குழு, கல்வி வளர்த்த எதிர்பார்ப்புக்கும் கிடைக்கும் தொழிலுக்கும் பொருத்தமில்லை என்றது. எழுதுவினைஞருக்கு மாதச் சம்பளம், ஓய்வூதியம், ஊரில் மதிப்பு (சீதனமுங்கூட!). மண்வெட்டி பிடிப்பவனுக்கு இவற்றில் எது உண்டு? ஆகவே, வீட்டில் சோறிருக்கும்வரை பிள்ளை காத்திருப்பது சோம்பலன்று, கணக்கு. சோறில்லா வீட்டுப் பிள்ளைக்குக் காத்திருக்க முடியாது. கிடைத்த கூலிக்குப் போகிறான். வேலையற்றோர் தொகையில் அவன் சேர்வதேயில்லை.

காத்திருப்புக்கும் எல்லையுண்டு. அதே ஆண்டு ஏப்ரலில் தெற்கில் ஆயுதமெடுத்தோரில் பெரும்பாலோர் கிராமத்து இளைஞர், படித்தவர்கள்.